எட்டுப் பக்கங்கள்: செய்தூன் நற்செய்திச் சுவடி வழக்கு

2010 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தாக்கலானது. வாதி, ஆர்மேனிய அப்போஸ்தலிக்கத் திருச்சபையின் அமெரிக்க மேற்குப் பகுதி மறைமாவட்டம். பிரதிவாதி, அதே நகரில் இருக்கும் ஜே. பால் கெட்டி அருங்காட்சியகம். திருச்சபை திரும்பக் கேட்டது 754 ஆண்டுகள் பழைமையான எட்டு ஓவியப் பக்கங்களை. கூடவே 10.5 கோடி டாலர் இழப்பீடு.

வழக்கு ஐந்து ஆண்டு இழுத்து, 2015 செப்டம்பரில் சமரசமாக முடிந்தது. பக்கங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இந்த முடிவைப் பற்றி எழுதியவர்களில் பலரும் சட்டத்திலிருந்து தொடங்கினார்கள். நான் பக்கங்களிலிருந்து தொடங்குகிறேன். அவற்றில் என்ன வரைந்திருக்கிறது, எதற்காக வரைந்தார்கள் என்று தெரிந்தால்தான், எதைப் பிய்த்தார்கள் என்பது உறைக்கும்.

இன்றைய துருக்கியின் காஸியான்டெப் பகுதியில், யூப்ரடீஸ் ஆற்றோரம் செங்குத்தான பாறையின் மேல் ஹ்ரொம்க்லா என்றொரு கோட்டை. துருக்கியர் ரும்கலே என்கிறார்கள். இப்போது பிரெஜிக் அணையின் நீர் அதன் அடிவாரம் வரை ஏறி நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1292 வரை, ஆர்மேனியத் திருச்சபையின் தலைவரான கத்தோலிக்கோஸ் அங்கேதான் இருந்தார். அவருடைய சுவடிக்கூடமும் அங்கேதான்.

அந்தக் கூடத்தில் எழுத்தராகவும் ஓவியராகவும் இருந்தவர் தொரோஸ் ரோஸ்லின். அவர் கையொப்பமிட்ட சுவடிகள் ஏழு கிடைத்திருக்கின்றன. எல்லாம் 1256க்கும் 1268க்கும் இடையில் எழுதியவை. நான்கு ஜெருசலேம் ஆர்மேனியப் பேராயத்தில், ஒன்று பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில், இரண்டு ஆர்மேனியத் தலைநகர் யெரவானில். ஏழில் மூத்தது 1256இல் கத்தோலிக்கோஸ் முதலாம் கான்ஸ்டன்டைனுக்காக எழுதிய நற்செய்தி நூல். பின்னாளில் தங்கியிருந்த ஊரின் பெயரால் அதைச் செய்தூன் நற்செய்திச் சுவடி என்கிறார்கள்.

வழக்கில் சிக்கியவை அந்தச் சுவடியின் முகப்பில் இருந்த ஒத்தவாக்கிய அட்டவணைகள். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் ஒத்தவாக்கிய வேதாகமம் பழக்கப்பட்டதுதான்: ஒரு வசனத்தின் ஓரத்தில் அதே செய்தி வேறு எங்கே வருகிறது என்று குறித்திருக்கும். அதற்கு மூலத் தகப்பன் 4ஆம் நூற்றாண்டில் பாலஸ்தீனத்துச் செசரியாவில் வாழ்ந்த ஆயர் யூசேபியஸ். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நால்வரும் எழுதியதைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். பிறகு பத்துப் பட்டியல் போட்டார். நால்வரும் சொன்னவை முதல் பட்டியலில். மூவர் சொன்னவை அடுத்த மூன்றில். இருவர் சொன்னவை அதற்கடுத்த ஐந்தில். ஒருவர் மட்டுமே சொன்னவை கடைசியில். அதிகாரம், வசனம் என்ற பிரிப்பெல்லாம் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே.

ஒரு வரியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் வைத்து ஐயாயிரம் பேருக்குப் பந்தி வைத்த கதையை நால்வருமே எழுதியிருக்கிறார்கள். ஆகவே அது முதல் பட்டியலில் நான்கு எண்களாக நிற்கிறது: மத்தேயு 147, மாற்கு 64, லூக்கா 93, யோவான் 49. ஆர்மேனியர்கள் எழுத்துகளையே எண்களாகப் பயன்படுத்தியவர்கள். நம் ஏடுகளில் க, உ, ங என்று போட்டதைப் போல. 147 என்பதற்கு நூற்றுக்கொரு எழுத்து, நாற்பதுக்கொரு எழுத்து, ஏழுக்கொரு எழுத்து. படிக்கிறவர் மத்தேயுவில் அந்தக் கதைக்கு வரும்போது ஓரத்தில் அந்த மூன்று எழுத்தைப் பார்ப்பார், முகப்புக்குத் திருப்பிப் பட்டியலில் விரலை வைத்துக் குறுக்கே ஓட்டுவார், மற்ற மூவரின் எண்ணும் கிடைக்கும், அங்கே போவார். அட்டவணைக்கும் உள்ளே இருக்கும் நூலுக்கும் இடையில் கை ஓயாமல் போய் வரும்.

எண்கள் மட்டுமென்றால் இவ்வளவு பொன்னும் வண்ணமும் ஏன்? ஆர்மேனியர்கள் இதற்கென்று ஒரு தத்துவமே வைத்திருந்தார்கள். ரோஸ்லினுக்கு ஒரு நூற்றாண்டு முன், அதே ஹ்ரொம்க்லாவில் கத்தோலிக்கோஸாக இருந்தவர் நெர்செஸ் ஷ்னோர்ஹாலி. கவிஞர், இசை தெரிந்தவர். இந்த அட்டவணைகளுக்கு அவர் உரை எழுதினார். கடவுளின் உயரத்தை நோக்கிப் போகிறவர்களுக்கு இவை கண்ணும் காதும் நீராடும் துறை என்பது அவர் கருத்து. கோயிலுக்குள் போகுமுன் குளத்தில் இறங்குகிறோமே, அதுபோல. தூண், வளைவு, நிறம், மரம், பறவை ஒவ்வொன்றுக்கும் அவர் உட்பொருள் சொன்னார். நூலின் வாசலில் ஒரு தோட்டத்தை நட்டு, அதன் வழியாக மனதைக் கழுவி உள்ளே அனுப்புவதுதான் திட்டம்.

ரோஸ்லின் நட்ட தோட்டம் இப்படி இருக்கிறது. பதமிட்ட தோல் தாள். அதன் மேற்பாதியில் அகலமான செவ்வக முகப்பு; உள்ளே நீலமும் சிவப்பும் பொன்னுமாக இலைப் பின்னல். அதைத் தாங்கி மெல்லிய தூண்கள். தூண்களுக்கு இடையில் எண்கள் வரிசை வரிசையாக இறங்குகின்றன. முகப்பின் உச்சியில் பறவைகள் எதிரெதிரே நிற்கின்றன. இருபுறமும் மரங்கள் நிமிர்கின்றன. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒரே சோடியாக அமைந்தவை. புத்தகத்தை விரித்தால் இரு கதவும் திறந்த வாசல் மாதிரி. பொன், தங்க ரேக்கு ஒட்டி மெருகேற்றியது. தஞ்சாவூர் ஓவியம் செய்கிறவர்களுக்கு இதன் குணம் தெரியும்: நேராக நின்று பார்த்தால் ஒரு மஞ்சள், தாள் சாயும்போது வேறொரு வெளிச்சம். கையில் பிடித்துத் திருப்பும் அந்த நொடிக்காகவே செய்த வேலை அது. கண்ணாடிக்குள் தட்டையாக வைத்த பக்கத்தில் அந்த நொடி நிகழ்வதே இல்லை.

இந்தப் பக்கங்களுக்கு வந்த ஆபத்தும் இதே அமைப்பிலிருந்துதான். அவை புத்தகத்தின் தொடக்கத்தில், தனி மடிப்புகளாக இருந்தன. தையலை அவிழ்த்தால் தனியே வந்துவிடும். தொடர்ந்து படிக்க வேண்டிய வாசகம் அவற்றில் இல்லாததால், எடுத்தவர் கண்ணுக்கு அவை முழுமையான ஓவியங்களாகவே தெரியும். சுவடி வாணிகத்தில் இது பழைய நோய். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஓட்டோ எகே என்பவர் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பல இடைக்காலச் சுவடிகளைப் பிரித்து ஏடு ஏடாக விற்றார். நிறையப் பேர் பார்க்கட்டும் என்று அதற்கு நியாயமும் சொன்னார். முழுச் சுவடியை வாங்க ஒருவரைத் தேட வேண்டும். ஏடுகளை வாங்க நூறு பேர் கிடைப்பார்கள்.

சுவடி கைமாறிய கதை

1292இல் எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் ஹ்ரொம்க்லாவைப் பிடித்தார்கள். கத்தோலிக்கோஸையே சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். பீடம் சிலிசியாவின் சிஸ் நகருக்கு மாறியது. ரோஸ்லினின் சுவடிகள் பல திசையில் சிதறின.

ஆர்மேனியர்கள் சுவடியைப் பொருளாக மட்டும் நினைத்தவர்கள் இல்லை. ஏட்டின் முடிவில் எழுதும் குறிப்புக்கு அவர்கள் மொழியில் நினைவுக்குறிப்பு என்று பொருள்படும் பெயர். எழுதியவர், எழுதச் சொன்னவர், அவருடைய தாய் தகப்பன், அந்த ஆண்டு வந்த படை, பஞ்சம் எல்லாம் அதில் வரும். படையெடுப்பில் சுவடி கொள்ளைபோனால், அது சிறைபட்டது என்றே எழுதுவார்கள். பணம் கொடுத்து மீட்டவர் தன் பெயரையும் சேர்த்து எழுதி வைப்பார். உடைமை வரலாற்றை நூலுக்குள்ளேயே வைத்துத் தைத்த மரபு இது. இதை மனதில் வைத்துக்கொண்டால் வழக்கில் திருச்சபை பேசிய தொனி புரியும். அவர்கள் ஓவியத்தைக் கேட்கவில்லை; சிறைபட்ட ஒருவரை மீட்கப் போனார்கள்.

பிற்காலத்தில் இந்தச் சுவடி தாரசு மலைத்தொடரில் மராஷ் நகருக்கு வடக்கே இருந்த செய்தூன் என்ற ஊரின் தேவாலயத்தில் இருந்தது. அடங்காத மலை ஊர். 1862இலும் 1895இலும் உஸ்மானியப் படைகளை எதிர்த்து நின்றது. ஊரைக் காக்கும் சக்தி சுவடிக்கு உண்டென்று மக்கள் நம்பினார்கள். 1915 ஏப்ரலில் உஸ்மானிய அரசு ஆர்மேனியர்களை நாடு கடத்தும் வேலை, இன்று ஆர்மேனிய இனப்படுகொலை என்று சொல்வது, முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று செய்தூன். அந்த நாட்களில் சுவடியைத் தெருத் தெருவாக ஊர்வலம் எடுத்துச் சென்றார்கள் என்று அந்த மக்களிடையே நினைவு இருக்கிறது. ஊரைச் சுற்றி ஒரு காப்புக் கட்ட நினைத்திருக்கிறார்கள்.

ஊர் காலியானது. ஊரின் பெயரையும் மாற்றி சுலைமான்லி ஆக்கினார்கள். சுவடி, ஊர்த்தலைவர் குடும்பம் ஒன்றின் பொறுப்பில் மராஷுக்கு வந்தது. அந்தக் குடும்பமும் நாடு கடத்தப்பட்டது. சுவடி மராஷிலேயே தெரிந்தவர் கைக்குப் போனது. அந்தக் கொந்தளிப்பில்தான் முகப்பு மடிப்புகள் பிரிந்தன.

அதற்குப் பிறகு இரண்டு பாதை. உடல் ஒரு வழி போனது: மராஷிலிருந்து இஸ்தான்புல் ஆர்மேனியப் பேராயத்துக்கு, பின்னர் யெரவானின் மாதெனதரான் சுவடி நூலகத்துக்கு. அங்கே அதன் எண் 10450. முகம் வேறு வழி போனது: மராஷிலிருந்து தப்பிப் பிழைத்த ஓர் ஆர்மேனியக் குடும்பத்தோடு 1920களில் கடல் கடந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுனுக்கு. எழுபது ஆண்டு அந்த வீட்டில் இருந்தது.

அந்தக் குடும்பத்தை எளிதாகத் திருடர் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. 1915க்கும் 1920க்கும் இடையில் மராஷில் யார் யாரிடம் எதைக் கொடுத்தார்கள் என்பதற்கு ரசீது கிடையாது. காப்பாற்றுவதற்காகவே எடுத்தவர்கள் உண்டு. இதற்கு மாதெனதரானிலேயே சாட்சி இருக்கிறது: 1200க்கும் 1202க்கும் இடையில் எழுதிய மூஷ் மறையுரைச் சுவடி. ஏறத்தாழ 28 கிலோ எடை. 1915இல் இரண்டு பெண்கள் அதை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதியைச் சுமந்து தப்பினார்கள் என்று சொல்வார்கள். ஒரு பாதி எர்சுரூமில் புதைபட்டுப் பின்பு மீண்டது. இன்று இரண்டும் ஒரே கூரையின் கீழ். அவர்களும் சுவடியைப் பிரித்தவர்களே. ஆனால் அந்தப் பாதிகள் திரும்பச் சேர்ந்தன. வாட்டர்டவுன் பக்கங்களுக்கு வாய்க்காதது அதுதான்.

1994

அந்த ஆண்டு நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் ஆர்மேனிய ஓவியச் சுவடிகளின் பெரிய கண்காட்சி நடந்தது. குடும்பம் பெயர் வெளியிடாமல் இந்தப் பக்கங்களை இரவலாகக் கொடுத்திருந்தது. அறிஞர்களுக்கு அவை எந்தச் சுவடியின் பக்கங்கள் என்று தெரிந்திருந்தது. அதே ஆண்டு கெட்டி 9,50,000 டாலர் கொடுத்து அவற்றை வாங்கியது. 1983இல் லுட்விக் தொகுப்பின் 144 சுவடிகளை ஒரே மூச்சில் வாங்கிச் சுவடித்துறைக்குள் வந்த நிறுவனம் அது. எண் 59 என்று இந்த எட்டுப் பக்கங்கள் பதிவேறின.

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். வாங்குமுன் கைமாறிய வரலாற்றைச் சோதிக்கும் நடைமுறையில் அருங்காட்சியகங்கள் சில ஆண்டுகளை அபாயக் குறிகளாக வைத்திருக்கின்றன. ஒன்று 1970, கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்த ஆண்டு. அதற்கு முன்பே அமெரிக்காவுக்குள் வந்துவிட்ட பொருளை வாங்குகிறவர் பொதுவாக மூச்சை நிம்மதியாக விடுவார். இன்னொன்று 1933 முதல் 1945 வரை, நாஜிகளின் காலம். அந்த இடைவெளியில் ஒரு பொருள் ஐரோப்பாவில் யாரிடம் இருந்தது என்று தெரியாவிட்டால் இன்று யாரும் தொட யோசிப்பார்கள். செய்தூன் பக்கங்கள் இந்த இரண்டு வலையிலும் விழாது. 1920களிலேயே அமெரிக்கா வந்தவை. ஒரே குடும்பத்தில் இருந்தவை. காகிதத்தில் சுத்தமான வரலாறு.

ஆனால் அதற்கு முந்தைய வரியைப் படியுங்கள்: செய்தூன், 1915. ஒரு ஊர் முழுவதும் துரத்தப்பட்ட ஆண்டில், அந்த ஊர்த் தேவாலயத்தின் சுவடியிலிருந்து பிரிந்த பக்கங்கள். மீதிச் சுவடி எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். திருச்சபை கொடுத்தது என்றோ விற்றது என்றோ ஒரு தாளும் இல்லை. நாஜிகளின் 1933 முதல் 1945 வரைக்குக் கிடைத்த கவனம், ஆர்மேனிய இனப்படுகொலையின் 1915 முதல் 1923 வரையிலான ஆண்டுகளுக்குக் கிடைக்காததுதான் இந்த வழக்கின் வேர். எண்களைப் பார்த்துப் பழகிய சோதனை, ஊர்ப்பெயரைப் பார்க்கத் தவறியது.

நீதிமன்றத்தில்

அமெரிக்கச் சட்டத்தின் அடிப்படை தெளிவானது: திருடனிடமிருந்து வாங்கியவருக்கு உடைமை வராது, நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் சரி. எத்தனை கை மாறினாலும் குறை கூடவே வரும். திருச்சபை இதில் நின்றது. சுவடி தங்களுடையது; பாதுகாப்புக்காக ஒப்படைத்தது; யாருக்கும் கொடுக்கவில்லை.

கெட்டியின் வாதம் இரண்டு காலில் நின்றது. முறைப்படி வாங்கினோம் என்பது ஒன்று. காலம் கடந்துவிட்டது என்பது மற்றொன்று. முகப்புப் பக்கங்கள் காணாமல்போனது 1950களிலேயே திருச்சபை வட்டாரத்துக்குத் தெரியும், இத்தனை காலம் சும்மா இருந்துவிட்டு இப்போது வருவது செல்லாது என்றார்கள்.

காலக்கெடு என்பது வறண்ட விஷயமாகத் தோன்றும். இந்த வகை வழக்குகளில் பாதி அங்கேதான் சாகும். ஊரை இழந்து, பிழைத்தவர்கள் லெபனானிலும் சிரியாவிலும் அமெரிக்காவிலும் சிதறிப்போன ஒரு மக்கள்கூட்டம், பாஸ்டன் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் எட்டுப் பக்கங்கள் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கும்? கலிபோர்னியா சட்டமன்றம் இதை உணர்ந்தது. வழக்குப் போட்ட அதே 2010இல், செப்டம்பர் மாதம், சட்டம் திருத்தப்பட்டது. அருங்காட்சியகமோ விற்பனையாளரோ வைத்திருக்கும் திருட்டுக் கலைப்பொருளுக்கு, அது இருக்குமிடம் உரியவருக்கு உண்மையில் தெரிய வந்த நாளிலிருந்து ஆறு ஆண்டு அவகாசம். சட்டம் வந்த நாளுக்கு முந்தைய நூறு ஆண்டுக்குள் பறிபோன பொருளாக இருக்க வேண்டும். 1915 அந்த நூறுக்குள் வந்தது. 2011இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்து, இருதரப்பையும் பேச்சுவார்த்தைக்கு அனுப்பியது.

கெட்டிக்கும் அது சங்கடமான காலம். கடத்தல் பொருட்கள் என்ற புகாரின் பேரில் 40 தொல்பொருட்களை இத்தாலிக்குத் திருப்பித் தர 2007இல்தான் ஒப்புக்கொண்டிருந்தது.

2015 உடன்பாட்டின் சாரம் இதுதான்: பக்கங்களின் உடைமை ஆர்மேனியத் திருச்சபைக்கே உரியது என்று கெட்டி ஏற்றுக்கொண்டது. திருச்சபை அவற்றைக் கெட்டிக்கு நன்கொடையாக அளித்தது. கையெழுத்திட்டவர்களில் ஹ்ரொம்க்லாவிலிருந்து சிஸ் வழியாக வந்து, 1930 முதல் லெபனானின் அந்தேலியாஸில் இருக்கும் சிலிசியக் கத்தோலிக்கோஸ் பீடமும் உண்டு. 1256இல் சுவடியை எழுதச் சொன்ன பீடத்தின் வாரிசு.

இதை நாடகம் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாங்கியது என்றிருந்த இடத்தில் பெற்றது என்று மாறியிருக்கிறது. சிறைபட்ட சுவடியை மீட்டவர் பெயரை ஏட்டில் சேர்த்து எழுதும் மரபு உள்ள மக்களுக்கு இது சிறிய வரி அல்ல. இனப்படுகொலைக் காலத்தில் பறிபோன ஒரு பொருளின் மேல் தங்களுக்கு உள்ள உரிமையை ஒரு பெரிய அருங்காட்சியகம் எழுத்தில் ஏற்றது அவர்களுக்கு எளிதில் கிடைத்த ஒன்றும் அல்ல. லாஸ் ஏஞ்சலஸும் அந்நிய ஊர் இல்லை. ஆர்மேனியர்கள் மிக அதிகமாக வாழும் நகரங்களில் ஒன்று. ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.

என் மனக்குறை வேறு. உடைமை என்ற கேள்விக்கு உடன்பாடு விடை சொன்னது. சுவடியின் ஒருமை என்ற கேள்வியை யாரும் நீதிமன்றத்தில் கேட்கவில்லை. கேட்டிருக்க முடியாது என்பதும் தெரியும்: யெரவான் இந்த வழக்கில் தரப்பே இல்லை. ஆனாலும் ஒரு ஒத்தவாக்கிய அட்டவணையை அதன் நூலிலிருந்து பிரித்து வைப்பது, ஒரு நிலக்காட்சி ஓவியத்தைச் சட்டகத்திலிருந்து பிரிப்பது போன்றதில்லை. நீராடும் துறை ஓர் ஊரில், கோயில் வேறோர் ஊரில்.

ஆர்மேனியர் நமக்கும் தூரத்தவர்கள் இல்லை என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். சென்னை ஆர்மேனியன் தெருவை ஊர்மக்கள் அரண்மனைக்காரன் தெரு ஆக்கிக்கொண்டார்கள். உலகின் முதல் ஆர்மேனிய மொழி இதழ் 1794இல் அந்தச் சென்னையில்தான் அச்சானது. எங்கே குடியேறினாலும் முதலில் புத்தகத்துக்கு ஒரு இடம் பார்க்கிற மக்கள்.

நடைமுறையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு இரு பாகத்தையும் ஒரே மேசையில் வைத்து, ஒவ்வொரு தாளையும் உயர்ந்த தரத்தில் படமெடுத்து, 1256இல் இருந்த வரிசையிலேயே திரையில் கோத்துவிடலாம். தையல் துளைகளை ஒப்பிட்டு எந்த மடிப்பு எங்கே இருந்தது என்று நிறுவலாம். உரிமைச் சண்டை முடிந்துவிட்டதால் இதற்கு இனித் தடை குறைவு.

அதுவரை, ஐந்து அப்பத்தின் வரியைத் தேடுகிறவர் லாஸ் ஏஞ்சலஸில் விரலை வைத்து 147, 64, 93, 49 என்று படிக்கலாம். அந்த எண்கள் ஓரத்தில் எழுதியிருக்கும் தாள்கள் 11,000 கிலோமீட்டருக்கும் அப்பால், யெரவானில் மூடியிருக்கின்றன.